நாட்பட்ட நெஞ்செரிவும் பெயர் எழுதப்படாத மாத்திரைகளும்: நிலைப்பாட்டு அறிக்கை

அமிலக்குறைப்பு மருந்துகளை மருத்துவரின் துண்டு இன்றி வழங்கலாமா என்பது பற்றி மட்டக்களப்பின் நாவற்குடாவிலும் அயற்கிராமங்களிலும் எழுந்த வாதம், மருந்துக் கடைக்காரரும் நோயாளரும் ஒருவரையொருவர் பழிசொல்லும் நிலைக்கு வந்துவிட்டதால், எமது அமைப்பின் செயற்குழு இவ்வறிக்கையை வெளியிடுகிறது.

இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மீண்டும் மீண்டும் மேலெழுந்து அதன் உட்சுவரைப் புண்படுத்துவது நாட்பட்ட அமில எதுக்களிப்பு எனப்படும். ஒமிப்பிரசோல், பன்டோபிரசோல், ரபெபிரசோல் ஆகியவை புரோத்தன் பம்பித் தடுப்பிகள், அதாவது இரைப்பைச் சுவரின் கலங்களிலிருந்து அமிலத்தை வெளியேற்றும் பொறிமுறையைச் செயலிழக்கச் செய்பவை. இவற்றின் பயனை இவ்வமைப்பு மறுக்கவில்லை. முதற்கட்டச் சிகிச்சை பொதுவாக 4 முதல் 8 வாரங்களுக்கே வழங்கப்படுகிறது. எனினும் கடுமையான உணவுக்குழாய் அழற்சி உள்ளவர்களும், நீண்டகால அமிலத்தால் உணவுக்குழாயின் உட்படலம் தன்மை மாறும் பரெட் நிலை உள்ளவர்களும், நோவு மாத்திரைகளால் இரைப்பையில் குருதி கசியும் அபாயம் உள்ளவர்களும் ஆண்டுக்கணக்கில் அவற்றை எடுக்க வேண்டியிருக்கலாம். அத்தகையோரிடம் சிறுநீரகம் பழுதாகிவிடும் என்று அச்சமூட்டி மருந்தை நிறுத்தச் செய்வது பொறுப்பற்ற செயலாகும்.

துண்டு கட்டாயமா என்ற கேள்வியில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. இயன்றவரை துண்டின் பேரிலேயே வழங்கப்பட வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. ஆனால் கருத்து வேறுபாடே இல்லாத விடயம் ஒன்று உண்டு. தனியார் டிஸ்பென்சரிகள் பலவற்றில் நோயாளர் கையில் கிடைப்பது ஒரு சிறிய காகித உறை. அதன் மேல் காலை, பகல், இரவு என்ற கட்டங்களில் ஒன்றிற்கு நேரே ஒரு கோடு, உள்ளே அட்டையிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரைகள். மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, காலாவதித் திகதி இல்லை. ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்காத ஒமிப்பிரசோலை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இப்பகுதியின் காற்றில் வெறும் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதை மருந்து வழங்கல் என்று அழைப்பதே தவறு. புரோத்தன் பம்பிகள் உணவை எதிர்கொண்டு இயங்கத் தொடங்கும்போதே இம்மருந்து அவற்றைப் பற்றும் என்பதால், அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னர் விழுங்க வேண்டும். உறையோ அது பற்றியும் வாய் திறப்பதில்லை. சாப்பிட்ட பின் விழுங்கி, நெஞ்செரிவு குறையவில்லை என்று திரும்பி வருபவருக்கு இன்னொரு பெயரில்லா உறை கொடுக்கப்படுகிறது.

இதன் விளைவை 2019ஆம் ஆண்டே காட்டியது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் வேறொரு வகை மருந்தான ரனிடிடினில், புற்றுநோயைத் தூண்டக்கூடும் எனக் கருதப்படும் என்டிஎம்ஏ என்ற மாசு காணப்படுவதாக அவ்வாண்டு செப்டெம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்ததைத் தொடர்ந்து இலங்கையிலும் அம்மருந்து இடைநிறுத்தப்பட்டது. பத்திரிகையில் செய்தியைப் படித்தவர், தம் வீட்டு உறையில் இருப்பது ரனிடிடினா இல்லையா என்பதை எப்படி அறிந்திருப்பார்? இதய நோய்க்குக் குளோபிடோகிரெல் எடுப்பவர் அதனுடன் ஒமிப்பிரசோலைச் சேர்த்தெடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று அதே நிர்வாகம் 2009இல் எச்சரித்திருந்தது; போதனா வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியில் ஒரு மருந்தும் டிஸ்பென்சரி உறையில் பெயரறியாத இன்னொன்றுமாக வாழ்பவருக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? கிளினிக்கில் வினவும் வைத்தியரிடம் அவர் சொல்லக்கூடியது, வெள்ளை நிறக் குளிசை என்பது மட்டுமே.

வணிகப் பெயரை விடுத்து மூலப்பெயரால் மருந்து எழுதப்பட வேண்டும் என்று போராடி, 1971இல் அரச மருந்துகள் கூட்டுத்தாபனம் உருவாக வழிவகுத்த சேனக்க பிபிலே இந்த நாட்டவர். எந்தப் பெயர் எழுத வேண்டும் என்று அவர் அன்று வாதிட்டார். இன்று எந்தப் பெயருமே எழுதப்படுவதில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை கொழும்பில் இருக்கிறது. உறைகள் இங்கே இருக்கின்றன. நெரிசலும் ஆளணிப் பற்றாக்குறையும் காரணங்களாகக் கூறப்படுவதைச் செயற்குழு கவனத்தில் கொள்கிறது. ஒரு சொல்லை எழுதாமல் விடுவதை அக்காரணங்கள் நியாயப்படுத்துமா என்பதில் அதற்கு ஐயம் உண்டு.

ஏனையவை சுருக்கமாக. நீண்டகாலப் பாவனையால் விற்றமின் பி12, மக்னீசியம் ஆகியன குறையக்கூடும் என்பதால் பொருத்தமான சந்தர்ப்பங்களில் குருதிப் பரிசோதனை விரும்பத்தக்கது. பல மாதங்கள் எடுத்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுதியாகச் சுரந்து எரிவு திரும்பலாம். அது நோய் முற்றியதன் அறிகுறி அன்று, வைத்திய ஆலோசனையுடன் படிப்படியாகக் குறைப்பதே முறை. இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடிப்பதும், உடல் எடையைக் குறைப்பதும், தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பதும் உதவும். விழுங்குவதில் தடை, காரணமற்ற மெலிவு, கறுத்த மலம், குருதி வாந்தி ஆகியவை இருப்பின், குறிப்பாக வெற்றிலை, புகையிலை பாவிப்பவர்கள், மாத்திரையால் நாட்களைக் கடத்தாது உள்நோக்கிப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் வரும் நெஞ்செரிவு மாரடைப்பாக இருக்கலாம்.

மருந்து வழங்கும் ஒவ்வோர் உறையிலும் மருந்தின் மூலப்பெயர், அளவு, உணவுக்கு முன்னா பின்னா என்ற குறிப்பு, எத்தனை நாட்களுக்கு என்ற எல்லை ஆகியன தமிழில் எழுதப்பட வேண்டும் என இவ்வமைப்பு கோருகிறது. கடைகளுக்கும் டிஸ்பென்சரிகளுக்கும் நியாயமான கால அவகாசம் வழங்கலாம் என்ற சில உறுப்பினர்களின் கருத்தும் பதிவுசெய்யப்படுகிறது. பொதுமக்கள் அந்த அவகாசத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை: அடுத்த முறை உறையை வாங்கும்போது, பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள்; எழுதிய உறையை எறியாமல் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள்.