முட்டை அட்டையை விடுங்க, மெத்தையைத் தூக்குங்க

உடப்புக் கரையில கரைவலை இழுக்கும்போது பாடுற அம்பாப் பாட்டை வீட்டில வைத்துப் பதிந்தால், கிணற்றுக்குள் இருந்து பாடுற மாதிரி எதிரொலிக்கும். உடனே சுவரில முட்டை அட்டை ஒட்டுறோம். வீண்வேலை. மெல்லிய அட்டை குரலின் எதிரொலியைப் பெரிசா உறிஞ்சாது, வெளிச்சத்தத்தையும் தடுக்காது.

சீமெந்துச் சுவரோரம் மெத்தையை நிறுத்துங்க, நிலத்தில தடித்த போர்வையை விரியுங்க, ஃபேனை நிறுத்துங்க. போனை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில வையுங்க. தூரம் பாதியானால் நேரடிக் குரல் 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலி கூடாது.

ஆனா கடல் இரைச்சலையும் துடைச்சு எடுக்கணும் என்பதில எனக்கு உடன்பாடில்லை. அலையோட பிறந்த பாட்டு அது. எதிரொலி சொல்லை விழுங்கும். தூரத்துக் கடல் விழுங்காது.

பாடத் தெரிந்தவர்களுக்கு வயசு ஏறுது. ஸ்டூடியோவுக்குக் காத்திருக்காம இன்றைக்கே பதியுங்க.