பரிசோதிக்காத இரும்பு பம்பர் சாலைக்கு வேண்டாம்

மலைத்தடத்திலும் சேற்றிலும் ஆற்றுப்படுகையிலும் 4x4 வண்டி ஓட்டுகிறவர்களின் மன்றம் எங்களுடையது. புது வண்டி வாங்கிய கையோடு கம்பெனி பம்பரைக் கழற்றிவிட்டு, வெளிப் பட்டறையில் செய்த இரும்பு பம்பரைப் பூட்டுவது எங்களிடையே பெரும் பழக்கமாகிவிட்டது. அதுபற்றி மன்றம் எடுத்திருக்கும் நிலைப்பாடு இது: அந்தந்த வண்டியோடு சேர்த்து மோதல் சோதனை செய்யப்படாத முன்பம்பரோ புல் பாரோ பொதுச்சாலையில் ஓடும் வண்டியில் இருக்கக் கூடாது.

இரும்பு பம்பர் கேட்பவர்களின் தேவை பொய்யல்ல. பாறை இடித்தால் பிளாஸ்டிக் பம்பர் உடைகிறது. வின்ச் பொருத்த இடம் வேண்டும். செங்குத்து மேட்டில் ஏறும்போது முகப்பு தரையில் தட்டக் கூடாது. இவற்றை நாங்கள் மறுக்கவில்லை. ‘உள்ளே இருப்பவருக்குக் கூடுதல் பாதுகாப்பு’ என்று சொல்லி அதை விற்பதைத்தான் மறுக்கிறோம்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வண்டி சுவரில் மோதுகிறது என்று வையுங்கள். முகப்பு 60 செ.மீ. நசுங்கி நின்றால், சீட் பெல்ட் போட்டவர் தாங்க வேண்டிய சராசரி விசை அவர் எடையைப் போல ஏறக்குறைய 16 மடங்கு. 20 செ.மீ. மட்டுமே நசுங்கினால் அது 49 மடங்காகிவிடும். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் இதனால்தான். கம்பெனி பம்பருக்குப் பின்னால், நசுங்குவதற்கென்றே வடிவமைத்த பகுதி இருக்கிறது. கனத்த இரும்பைச் சேசிஸில் நேரடியாக போல்ட் போட்டு இறுக்கினால் அந்தப் பகுதியின் வேலை கெடுகிறது. விபத்துக்குப் பின் ‘பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை’ என்று படம் பகிர்பவர்கள், அந்த விசை யார் உடம்பில் போய் இறங்கியது என்றும் கேட்க வேண்டும்.

ஏர்பேக் சங்கதி இதைவிடக் கவலை தருவது. வண்டியின் வேகம் எப்படிக் குறைகிறது என்பதை சென்சார்கள் அளந்து, சில பத்து மில்லி செகண்டுக்குள் பையை விரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கின்றன. அந்தக் கணக்கு கம்பெனி முகப்பு நசுங்கும் விதத்தை வைத்துப் போட்டது. முகப்பின் விறைப்பு மாறினால் பை தாமதமாக விரியலாம். சிறு இடிக்கே விரிந்தும் விடலாம். 2020-ல் மஹிந்திரா தார் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் பெற்றது. அது கம்பெனி பம்பரோடு மோதவிட்ட வண்டிக்குக் கிடைத்தது. பம்பரை மாற்றிய பிறகு அந்த மதிப்பெண்ணை நம் வண்டிக்கும் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

வண்டிக்கு வெளியே இருப்பவர்களை நினைத்தால் மன்றத்துக்குள் இதில் இரண்டாவது கருத்தே எழவில்லை. இடிபடும் ஆளுக்குச் சற்றேனும் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் முகப்புக்குப் பதில், இரும்புக் குழாயின் குறுகிய பரப்பில் முழு விசையும் குவிகிறது. பெரியவருக்கு இடுப்பில் படுவது பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நெஞ்சிலும் தலையிலும் படுகிறது. பாறையைத் தாங்க வேண்டும் என்று பூட்டியதைக் கடைத்தெருவுக்குள்ளும் ஓட்டிச் செல்கிறோம்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அனுமதியின்றி கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை மீறுவது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. 2019 திருத்தத்தின்படி இப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் தண்டனையோடு நின்றுவிட்டால், பட்டறைகள் வேறு பெயரில் அதையே விற்கும். சாலையில் கங்காரு குறுக்கே பாயும் ஆஸ்திரேலியாவில் புல் பார் உண்மையிலேயே தேவைப்படுகிறது. அங்கே 2002-ல் அதற்கென ஒரு தரநிலை வகுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல், பாதசாரிக்கு ஏற்படும் காயத்தை அளக்கும் சோதனையை முகப்புக் காப்புகளுக்குக் கட்டாயமாக்கியது. இங்கேயும் அப்படியொரு தரநிலை வேண்டும் என்று அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். வண்டித் தயாரிப்பாளர்கள் வின்ச் பொருத்தக்கூடிய, சோதித்த பம்பரைத் தாங்களே விற்க முன்வர வேண்டும். சோதனைச் சான்றைக் காட்டாமல் ‘ஏர்பேக்குக்கு ஏற்றது’ என்று எழுதி விற்பதைத் தடுக்க வேண்டும்.

அதுவரை, சான்று இல்லாத முன்பம்பரோடு வரும் வண்டியை எங்கள் பயணங்களில் சேர்த்துக்கொள்ள மாட்டோம். சேற்றில் சிக்கினால் கம்பெனி கொடுத்த டோ ஹூக்கும் நல்ல கயிறும் கை வின்ச்சும் துணைக்கு இன்னொரு வண்டியும் பெரும்பாலான இடங்களில் போதும். கழற்றிய கம்பெனி பம்பரை விற்றுவிட்ட உறுப்பினர்களுக்கு வேறொன்று தேடித் தரவும், பூட்டித் தரவும் மன்றம் உதவும்.