தொழில் பக்கம்: பாட்டோடு சேர்ந்து வரும் இரைச்சல்



கொட்டாஞ்சேனையில் வாகனங்களுக்கு வயர் இழுக்கும் வேலை செய்கிறேன். பெண்களுக்கு இது சரிவருமா என்று இன்னும் கேட்கிறார்கள். பொறுமையும் கூர்ந்த காதும் இருந்தால் நன்றாகவே சரிவரும்.

அண்மையில் வெள்ளவத்தைச் சகோதரி ஒருவர் தனது பாடசாலை வானைக் கொண்டுவந்தார். போரில் கணவரை இழந்தவர். லீசிங்கில் எடுத்த வான். பாட்டுப் போட்டால் கூடவே ஒரு கீச்சொலி. எஞ்சின் வேகம் கூடினால் அதுவும் கூடும். அம்ப்ளிஃபயரையே மாற்றும்படி ஒரு கடையில் சொல்லியிருந்தார்களாம். அந்தக் காசு அவருக்கு ஒரு மாத லீசிங் பணம்!

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒலி பெரும்பாலும் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டர்னேட்டரிலிருந்து வருவது. பாட்டைக் கொண்டுசெல்லும் சிக்னல் வயரில் ஓடுவது மிகச் சிறிய மின்சாரம். பக்கத்தில் பற்றரி வயர் கிடந்தால் அதன் இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். அந்த வானில் இரண்டும் ஒரே கட்டாகக் கிடந்தன. எர்த் வயரோ பெயின்றின் மேல் முறுக்கப்பட்டிருந்தது. இரண்டையும் திருத்தியதும் கீச்சொலி நின்றது. அம்ப்ளிஃபயர் பழையதுதான்.

நீங்களே பார்க்கக்கூடியவை:

1. எஃப்.எம். கேட்கும்போது மட்டும் இரைச்சலா? லைட்டர் துளையில் உள்ள போன் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பிறகு ஏரியலைப் பாருங்கள்.

2. செட்டை நிறுத்தி, அம்ப்ளிஃபயரிலிருந்து சிக்னல் வயர்களைக் கழற்றி, மீண்டும் போடுங்கள். இரைச்சல் இல்லையென்றால் பிழை சிக்னல் பக்கம். இருந்தால் பற்றரி வயரையும் எர்த்தையும் பாருங்கள்.

3. பற்றரி வயர் வாகனத்தின் ஒரு பக்கத்தாலும் சிக்னல் வயர் மறுபக்கத்தாலும் போகட்டும். குறுக்கிட நேர்ந்தால் கூட்டல் குறிபோல் கடக்கட்டும்.

4. எர்த் வயர் கட்டையாக, பற்றரி வயரின் தடிப்பிலேயே இருக்கட்டும். பெயின்றைச் சுரண்டி, இரும்பு பளபளத்த பின் இறுக்குங்கள். சீற் பெல்ற் ஆணியில் மட்டும் கொடுக்காதீர்கள்.

5. மலிவு வயர்கள் சில, செம்பு பூசிய அலுமினியம். முனையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். வயரின் இலக்கம் குறையக் குறையத் தடிப்புக் கூடும்: 8ஆம் இலக்கம் சுமார் 8 சதுர மில்லிமீற்றர், 4ஆம் இலக்கம் சுமார் 21.

6. வேலைக்கு முன் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பிளஸ் முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். வயர் உரசினால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 'மோட்டரோலா' கார் வானொலியைச் செய்தபோதும் எஞ்சின் இரைச்சலோடுதான் போராடினார்கள்.

பஞ்சிகாவத்தைக்குப் பொருள் வாங்கப் போகுமுன் வயர் போகும் பாதையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த வேலையில் விருப்பமுள்ள சகோதரிகளே, வாகன மின்னியலுக்கும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டு. விசாரித்துப் பாருங்கள்.