சிவப்பு ரோஜா என்றால் காதல்னு முடிவு பண்ணது யார்? சீலையம்பட்டி ரோஜாவுக்கும் ஓசூர் ரோஜாவுக்கும் என்ன வித்தியாசம்?

பிப்ரவரி 7 'ரோஸ் டே'. அன்று தொடங்கி 14-ஆம் தேதி வரை, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரே ஒரு சிவப்பு ரோஜாவின் விலை நாளுக்கு நாள் ஏறும். அதே வாரத்தில் தேனி – கம்பம் சாலையில் இருக்கும் சீலையம்பட்டி பூ மார்க்கெட்டிலும் ரோஜா விற்கும். ஆனால் அங்கே காம்பு இல்லை, பிளாஸ்டிக் தாள் இல்லை. சாக்கிலும் கூடையிலும் வந்து, தராசில் ஏறி, கிலோ கணக்கில் போகும்.

ரெண்டும் சிவப்பு ரோஜாதான். ஆனால் ஒன்றைக் கையில் நீட்டினால் 'ஐ லவ் யூ', இன்னொன்றைக் கழுத்தில் போட்டால் 'வருக வருக'. ஒரே பூவுக்கு எப்படி இத்தனை அர்த்தம்? ஒரு பூவைக் கொடுப்பது ஏன் சில ஊர்களில் இன்னமும் ஆபத்தான காரியமாக இருக்கிறது? பார்க்கலாம்.

சிவப்பு ரோஜா = காதல்: இது எப்போது வந்தது?

கிரேக்கத்தில் அஃப்ரோடைட்டி, ரோமில் வீனஸ் என்று காதல் தெய்வங்களோடு ரோஜா சேர்ந்தது பழைய கதை. பிப்ரவரி 14-ஐக் காதலோடு சேர்த்தது 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் காலத்துப் பழக்கம். ஆனால் 'இந்த நிறத்துக்கு இந்த அர்த்தம்' என்று இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல் அவ்வளவு பழசில்லை.

1819-இல் சார்லோட் தெ லத்தூர் என்ற பெயரில் பாரிஸில் 'பூக்களின் மொழி' பற்றி ஒரு புத்தகம் வந்தது. எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று அகராதி மாதிரி சொன்ன புத்தகம். அது பிரபலமாக, விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இப்படிப்பட்ட புத்தகங்கள் வரிசையாக வந்தன. ஆணும் பெண்ணும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள முடியாத சமூகத்தில் பூவைத் தூது அனுப்பினார்கள்.

இன்னொரு காரணம் தாவரவியல். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பல ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். நிறமும் பெரும்பாலும் இளஞ்சிவப்புப் பக்கம்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவிலிருந்து போன ரகங்கள்தான் திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தையும், வாடாத அடர் சிவப்பையும் கொடுத்தன. அவற்றோடு கலந்து உருவானவைதான் இன்றைய நீளக் காம்பு ரோஜாக்களின் மூதாதையர். ஆக, காதல் சின்னத்தின் அந்த நிறமே சீனாவிலிருந்து போனதுதான்.

அந்த அர்த்தப் பட்டியலும் நிலையானதில்லை. விக்டோரியா காலத்துப் புத்தகங்களில் மஞ்சள் ரோஜா என்றால் பொறாமை. இன்று கடைக்காரர் அதை 'ஃப்ரெண்ட்ஷிப்' என்று விற்கிறார். மூன்று ரோஜாவுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று எண்ணிக்கைக்கு அர்த்தம் சொல்வதும் வியாபாரம் வளர்ந்தபோது கூடவே வளர்ந்ததுதான். அரசியலிலும் அதே கதை. ஐரோப்பிய சோஷலிசக் கட்சிகளுக்குச் சிவப்பு ரோஜா தொழிலாளர் சின்னம். பிரிட்டன் தொழிலாளர் கட்சி 1986-இல் அதை எடுத்துக்கொண்டது. நமக்கோ சட்டையில் குத்திய சிவப்பு ரோஜா என்றால் நேரு.

தமிழில் இந்தப் பூ எங்கே?

'ரோஜா' என்ற பெயரே ஐரோப்பிய மொழிகளின் 'ரோசா'விலிருந்து வந்தது. பூக்களை அடுக்கிக்கொண்டே போகும் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் உண்டு, ரோஜா கிடையாது. ஆனால் சிவப்புப் பூவைக் காதலுக்குப் பரிசாகக் கொடுப்பது நமக்குப் புதுசில்லை.

குறுந்தொகையின் முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் திப்புத்தோளார். தலைவன் காந்தள் பூவைக் கொண்டுவந்து நீட்டுகிறான். சங்க இலக்கணத்தில் இதற்குப் பெயர் 'கையுறை'. தோழி என்ன செய்கிறாள்? வாங்கவில்லை. இது முருகனின் மலை, ரத்த நிறக் காந்தள் இங்கேயே கொத்துக் கொத்தாக இருக்கிறது என்கிறாள். நேரடியாக 'வேண்டாம்' என்ற சொல்கூட இல்லை. ஆனால் வேண்டாம்தான். இதற்கும் ஒரு துறை உண்டு: 'கையுறை மறுத்தல்'.

அந்தத் தொகை நூலின் முதல் காட்சியே ஒரு சிவப்புப் பூவை மறுப்பதுதான் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருவோம்.

நம் ஊர் ரோஜா யாருக்கான பூ?

ஐரோப்பிய ரோஜா 'ஒருவருக்கு ஒருவர்' பேசும் பூ. நம் ரோஜா பெரும்பாலும் ஊரோடு பேசும் பூ. கல்யாண வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு பக்கத்தில் ஒரு தட்டு ரோஜா இருக்கும். வருகிறவர் யாராக இருந்தாலும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பன்னீர்ச் செம்பில் தெளிப்பதும் ரோஜாவின் நீர்தான். கட்சிக்காரருக்கு ஆளுயர மாலை, சாமிக்குச் சாத்தும் மாலை, பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளையின் பின்னலில் ஒற்றைப் பூ, கடைசியில் இறுதி ஊர்வலத்தில் சாலை நெடுக இதழ். பிறப்பிலிருந்து சாவு வரை ஒரே பூ.

கம்பம் பள்ளத்தாக்கில் பூவுக்கு நன்றி என்றும் ஓர் அர்த்தம் உண்டு. ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்தநாள். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் முடிந்து, தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியதால்தான் பள்ளத்தாக்கில் இருபோக நெல்லும் திராட்சையும். அதனால் லோயர் கேம்ப்பில் இருக்கும் அவர் சிலைக்கு அன்று மாலை விழும். காலனி காலத்து ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவருக்கு நம் ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் மாலை போடுவது அபூர்வம்தானே!

இதே மண்ணில் சிவப்பு ரோஜாவுக்கு நேரெதிர் அர்த்தமும் உண்டு. தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1978-இல் எடுத்த 'சிகப்பு ரோஜாக்கள்' படத்துக்கு இசை பண்ணைப்புரத்து இளையராஜா. பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கும் ஒருவனின் கதை. அழகான ரோஜாத் தோட்டத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்ட படம் அது. இன்றைய 'ரோஸ் டே' ஸ்டேட்டஸ்களுக்கு நடுவில் அந்தக் கேள்விக்கு இன்னும் வேலை இருக்கிறது.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். ரெண்டு ரோஜாவும் எப்படி வேறுபடுகின்றன?

சிம்பிளா சொன்னால், ஒன்று 'உதிரிப் பூ', இன்னொன்று 'கொய்மலர்'.

உதிரிப் பூவில் முக்கியமானது பன்னீர் ரோஜா. சீலையம்பட்டி, ஆண்டிபட்டி மார்க்கெட்டுகளுக்கும், பக்கத்து மாவட்டத்து நிலக்கோட்டைக்கும் வருவது இப்படிப்பட்ட உதிரிப் பூக்கள்தான். திறந்த வயலில் வளரும். வெயில் ஏறுவதற்குள் பறித்து, காலையிலேயே மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு கிலோவுக்கு நூற்றுக்கணக்கான பூ. மதியத்துக்கு மேல் அதே பூவுக்கு மதிப்பு சரியும். மறுநாள் விற்கலாம் என்று எடுத்து வைக்க முடியாது. அதனால் விலை பேசும் இடத்தில் விவசாயியின் கை எப்போதும் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும்.

கொய்மலர் என்றால் நீளக் காம்பு ரோஜா. தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்போன இடம் ஓசூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், மிதமான குளிர், பக்கத்திலேயே பெங்களூரு விமான நிலையம். பசுமைக்குடிலில் வளர்த்து, மொட்டாக இருக்கும்போதே வெட்டி, தண்ணீரில் நிறுத்தி, குளிர் அறையில் வைத்து, காம்பின் நீளத்தைப் பொறுத்துத் தரம் பிரிப்பார்கள். நீளம் கூடினால் விலை கூடும். காதலர் தினத்துக்கு அங்கிருந்து அதிகம் போகும் சிவப்பு ரகத்தின் பெயர் 'தாஜ்மஹால்'.

தேனி நகரம் சுமார் 300 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வெயில் அதிகம். திறந்த வயலில் அந்தத் தரத்துக் காம்பு ரோஜா வராது. ஆனால் மணம்? கொய்மலர் ரகங்களை உருவாக்கியவர்கள் நிறம், காம்பு, பல நாள் வாடாத தன்மை ஆகியவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். வாசனை அதில் பின்னுக்குப் போய்விட்டது. பன்னீர் ரோஜா ஒரு நாளில் வாடும். ஆனால் கூடையைத் திறந்தால் தெரு மணக்கும்.

காதலர் தினம் தேனி விவசாயிக்கு லாபமா?

ஓசூர் விவசாயியின் காலண்டரில் பிப்ரவரி 14 பெரிய தேதி. அதற்குச் சுமார் 45 முதல் 50 நாள் முன்னால், டிசம்பர் கடைசி வாக்கில் செடியைக் கவாத்து செய்தால்தான் பூ சரியான நாளில் வரும். அதில் ரிஸ்க்கும் உண்டு. பனி கூடினால் பூ தள்ளிப்போகும், வெயில் கூடினால் முந்திக்கொள்ளும். ஒரு வாரம் தவறினால் அதே பூ பாதி விலைக்குக்கூடப் போகாமல் நிற்கலாம். ஏற்றுமதியில் கென்யா, எத்தியோப்பியா ரோஜாக்களோடு போட்டி, விமானச் சரக்குக் கட்டணம், புதிய ரகங்களுக்குக் கட்ட வேண்டிய ராயல்டி எல்லாம் சேர்ந்து அழுத்துகின்றன. நம் நாட்டு நகரங்களிலேயே தேவை வளர்ந்திருப்பது அவர்களுக்கு ஓர் ஆறுதல்.

சீலையம்பட்டி காலண்டர் வேறு. அங்கே விலையை நிர்ணயிப்பது முகூர்த்த நாள், அமாவாசை, பௌர்ணமி, கோயில் திருவிழா. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா என்றால் பூவுக்குத் தேவை கூடும். ஆவணியில் ஓணம் வந்தால், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மலைப்பாதைகள் வழியாகக் கேரளாவுக்குப் பூ ஏறும். மார்கழியில் கல்யாணம் இல்லை. தை பிறந்ததும் விலை நிமிரும். பிப்ரவரி நடுவில் விலை ஏறினால், அதற்குக் காதலர் தினத்தைவிட தை, மாசி முகூர்த்தங்கள்தான் பெரிய காரணமாக இருக்கும்.

அப்போ உதிரிப் பூ விவசாயிக்கு என்ன வழி? பூவைப் பூவாக மட்டுமே விற்காமல் இருப்பதுதான். பன்னீர், குல்கந்து, காய்ந்த இதழ் என்று மாற்றினால் 'இன்றைக்கே விற்றாக வேண்டும்' என்ற நெருக்கடி குறையும். இன்னொன்று, பெயர். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் கிடைத்தது. ஓர் ஊரின் பெயரோடு பொருள் சேரும்போது வாங்குபவர் அதைத் தேடி வர ஆரம்பிக்கிறார்.

பூ கொடுப்பதில் அப்படி என்ன பிரச்சினை?

மாலைக்கு யாரும் எதிர்ப்புத் தெரிவிப்பதில்லை. எதிர்ப்பெல்லாம் ஒற்றை ரோஜாவுக்குத்தான். காரணம் எளிது: மாலை ஊர் சம்மதத்தோடு விழுகிறது, ஒற்றை ரோஜா இரண்டு பேரின் சொந்த முடிவு. அந்த இரண்டு பேரும் வேறு வேறு சாதி, மதமாக இருந்தால் பயம் இன்னும் கூடுகிறது. தாராளமயமாக்கலுக்குப் பிறகு, 1990-களில் வாழ்த்து அட்டைகளோடும் கேபிள் டிவியோடும் காதலர் தினம் இங்கே பரவியது. எதிர்ப்பும் கூடவே வந்தது. நாய்க்கும் கழுதைக்கும் தாலி கட்டும் போராட்டங்களைத் தமிழ்நாடு பல முறை பார்த்துவிட்டது. 2023-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் பிப்ரவரி 14-ஐ 'பசு அணைப்பு தினமாக'க் கொண்டாடச் சொல்லி, கேலி கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெற்றது.

சட்டம் என்ன சொல்கிறது? விருப்பம் உள்ள இரண்டு வயது வந்தவர்கள் பூ கொடுத்துக்கொள்வது குற்றமே இல்லை. வயது வந்த இருவர் தம் துணையைத் தேர்ந்தெடுப்பதில் குடும்பமோ சாதிப் பஞ்சாயத்தோ தலையிட முடியாது என்று 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்களும், மாவட்ட அளவில் சிறப்புப் பிரிவும் வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 'வேண்டாம்' என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் பின்னால் போவது, திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வது, ஆன்லைனில் கண்காணிப்பது காதல் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆவது பிரிவின் கீழ் அது குற்றம். முதல் முறைக்கு 3 ஆண்டு வரையும், மறுபடி செய்தால் 5 ஆண்டு வரையும் சிறை. தொல்லைக்கு ஆளாகும் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். ஹீரோயின் ரோஜாவை வீசி எறிந்தாலும் ஹீரோ துரத்தித் துரத்திக் கடைசியில் ஜெயிப்பதைப் பார்த்தே வளர்ந்த தலைமுறைகளுக்கு, இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போ ரோஜாவின் உண்மையான அர்த்தம் என்ன?

காந்தளை வாங்காத தோழியிடம் திரும்பப் போகலாம். ஒரு பரிசை மறுக்க முடியும் என்றால்தான் அதற்குப் பெயர் பரிசு. மறுக்க முடியாதது வற்புறுத்தல். சங்கக் கவிதை இதைத் தனித் துறையாகவே வைத்தது. கொடுப்பதற்கு ஒரு பெயர் இருந்ததைப் போலவே, வாங்காமல் இருப்பதற்கும் ஒரு பெயர் இருந்தது.

இந்த அளவுகோலை வைத்தால் இரண்டு பக்கமும் மாட்டும். சம்மதித்து வாங்கும் கையைத் தட்டிவிட ஊருக்கு உரிமை இல்லை. சம்மதிக்காத கையில் திணிக்க, கொடுப்பவருக்கும் உரிமை இல்லை. நிறப் பட்டியலும் எண்ணிக்கைக் கணக்கும் பூக்கடைக்காரர் சொல்வது. அந்த ரோஜாவுக்கு அன்று என்ன அர்த்தம் என்பதை, அதை வாங்குகிறவரோ வாங்காமல் விடுகிறவரோதான் முடிவு செய்கிறார்.

கொடுப்பதென்று முடிவானால் இன்னொரு விஷயம். நீளக் காம்புதான் வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஒற்றைக் கொய்மலருக்கு பிப்ரவரி 14 அன்று கொடுக்கும் காசில், வேறொரு சாதாரண நாளில் பன்னீர் ரோஜா கைநிறையக் கிடைக்கும். சாயங்காலம் வாடிவிடும்தான். ஆனால் அதுவரை வீடே மணக்கும்.