அவ்வையாரும் பாமினியும் காட்டிக்கொடுக்கும்

பனமரத்துப்பட்டி போன்ற ஒரு சிறிய ஊரில் டிடிபி வேலை நடக்கும் கடைக் கணினியைத் திறந்தால் வானவில் அவ்வையார் இருக்கும், பாமினி இருக்கும், டாம், டாப் வகை ஃபான்ட்கள் வரிசையாகக் கிடக்கும். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நோட்டீஸ் என்று யார் யாரோ கொண்டுவந்த கோப்புகளுக்காக ஒவ்வொன்றாக ஏற்றியவை. யூனிகோடும் டேஸ்16-உம்தான் தரம் என்று தமிழக அரசு 2010இல் ஆணையிட்ட பிறகும் அவை போகவில்லை. எடுத்துவிட்டால் பழைய கோப்பு படிக்க வராது.

அதே கணினியில்தான் மின்கட்டணம் கட்டுவதும், அரளிப்பூ விலை பார்ப்பதும், செய்தித் தளம் மேய்வதும். அங்கே அந்த ஃபான்ட் குவியலுக்கு இன்னொரு வேலையும் வந்துவிடுகிறது: ஆளை அடையாளம் காட்டுவது.

எப்படி என்பது தளம் அமைக்கும் நம் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. பக்கத்தில் ஒளிந்திருக்கும் நிரல் ஒரு சொல்லை 'பாமினி' என்ற பெயரில் வரைந்து அகலத்தை அளக்கிறது. இயல்பான ஃபான்ட்டின் அகலத்திலிருந்து மாறினால், பாமினி அங்கே உண்டு. இப்படியே நூறு பெயர்களைக் கண்ணிமைப்பதற்குள் கேட்டுவிடலாம். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் பீட்டர் எக்கர்ஸ்லி 2010இல் 4,70,161 உலாவிகளை ஆராய்ந்தபோது 83.6 விழுக்காடு வேறெதோடும் பொருந்தாமல் தனித்து நின்றன. ஃபான்ட் பட்டியல் மட்டுமே 13.9 பிட் தகவல் தந்தது. ஏறத்தாழ 15,000 கணினிகளில் ஒன்றைப் பிரித்தெடுக்க அது போதும். அன்று ஃபிளாஷும் ஜாவாவும் பட்டியலை அப்படியே நீட்டின. இன்று அளந்து அறிகிறார்கள், அவ்வளவே. இப்படி உலாவியின் அடையாளம் எடுப்பதைத்தான் கைரேகை எடுப்பது என்கிறோம்.

குக்கியின் கதை வேறு. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுதாக அடைத்தது. ஃபயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி ஜாடியில் வைக்கிறது. குரோம் அடைப்பதாக 2020இல் வாக்குக் கொடுத்தது, தள்ளிப்போட்டது, 2025 ஏப்ரலில் கைவிட்டது. பெரும்பாலோர் குரோம் வைத்திருக்கும் நாட்டில் இது சின்னச் செய்தியல்ல. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கூகுளின் விளம்பரக் கொள்கை கைரேகை எடுப்பதற்கான தடையைத் தளர்த்தியது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அதைப் பொறுப்பற்ற செயல் என்று வெளிப்படையாகவே சொன்னது. குக்கியையாவது அழிக்கலாம். கைரேகையை அழிக்கக் கணினியில் எதுவும் சேமிக்கப்படுவதே இல்லை.

உலாவிகள் இதை இரண்டு விதமாக எதிர்கொள்கின்றன. பிரேவ் பொய் கலக்கிறது: கேன்வாஸ், ஒலி ஆகியவற்றைக் கேட்கும் தளங்களுக்கு, தளத்துக்குத் தளமும் அமர்வுக்கு அமர்வும் சற்றே மாறிய விடை போகும். டார் உலாவி, எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கிறது. சஃபாரி 2018 முதல் கணினியோடு வந்த ஃபான்ட்களை மட்டுமே தளங்களுக்குக் காட்டுகிறது, நாம் ஏற்றியவற்றை அல்ல. ஃபயர்பாக்ஸின் ஸ்டிரிக்ட் முறையும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது.

ஒரே அச்சு என்பது யாருடைய அச்சு என்று கேட்கவேண்டிய இடம் இது. டார் உலாவியின் ஆங்கிலமல்லாத பதிப்பு, பாதுகாப்புக்காகப் பக்கங்களை ஆங்கிலத்திலேயே கேட்கட்டுமா என்று பயனரிடம் அனுமதி கேட்கிறது. 'ஆம்' என்றால் கூட்டத்தில் மறையலாம், தன் மொழிப் பக்கம் தானாக வராது. 'இல்லை' என்றால் அது வரும், கூட்டம் சுருங்கிவிடும். நேர மண்டலமும் அப்படியே: இந்தியாவின் ஐந்தரை மணி நேரத்தை மறைத்து உலகப் பொது நேரத்தைச் சொன்னால், மாலை நேரத்துக்குப் பதிவு செய்த சந்திப்பு மதியம் என்று திரையில் தெரியும். பொறியாளர்கள் வேண்டுமென்று செய்த ஓரவஞ்சனை இல்லை இது. ஆனாலும் பெரும்பான்மையோடு ஒத்திருப்பதே பாதுகாப்பு என்னும்போது, சிறிய மொழிக்காரர் கூடுதல் விலை கொடுக்கிறார்.

சென்னையின் ஸோஹோ 2023இல் உலா உலாவியை வெளியிட்டது. 2025 மார்ச்சில் மத்திய அரசின் உலாவிப் போட்டியில் முதலிடமும் ஒரு கோடி ரூபாயும் பெற்றது. அதன் எந்திரம் குரோமியம்தான் என்றாலும், தமிழ்க் கணினி எப்படியிருக்கும் என்று அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். பாமினி ஏற்றிய கணினியையும் ஏற்றாத கணினியையும் தளங்களுக்கு ஒன்றுபோலக் காட்டுவதை அவர்கள் தங்கள் வேலைப் பட்டியலில் சேர்க்கலாம்.

நம் பங்கும் உண்டு. பயனரின் கணினியில் குறிப்பிட்ட ஃபான்ட் இருக்கும் என்று நம்பிக் கட்டிய தமிழ்த் தளங்கள் இன்னும் இருக்கின்றன. சஃபாரியில் அவை ஏற்கெனவே குப்பை எழுத்தாகத்தான் தெரிகின்றன. யூனிகோடுக்கு மாற்றி, ஃபான்ட்டைத் தளத்திலிருந்தே அனுப்பினால் பயனரின் கணினியைத் துழாவ வேண்டியதில்லை. பள்ளிகளுக்குத் தளம் அமைப்பவர்களுக்கு அவசரம் அதிகம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்வதைத் தடை செய்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதற்குள் அந்தத் தளங்களில் யார் எப்போது ஒட்டினார்கள் என்றே நினைவில்லாத விளம்பர, பகுப்பாய்வு நிரல்களைக் கணக்கெடுத்து நீக்கியாக வேண்டும்.