கிளி ஜோசியமும் கலைக்களஞ்சியமும்



செமினார் என்று வாத்தியார் சொன்னதும் நாம் முதலில் எங்கே ஓடுகிறோம்? நூலகத்துக்கா? சும்மா சொல்லாதீங்க! விக்கிப்பீடியாவுக்குத்தான். நானும் அப்படித்தான். ஆனால் அங்கே எழுதியிருப்பதில் எது நடந்தது, எது நடக்கும் என்று யாரோ நினைப்பது என்று பிரித்துப் பார்க்கிறோமா?

வருங்காலம் சொல்லும் பளிங்கு உருண்டை அல்ல இது என்று ஆங்கில விக்கிப்பீடியா தனக்கே ஒரு விதி வைத்திருக்கிறது. நம்ம பாஷையில் சொன்னால், இங்கே கிளி ஜோசியம் பார்க்கப்படாது! "அப்போ ஊகம் என்றாலே அடித்துத் தள்ள வேண்டியதுதானே மச்சான்" என்கிறார்கள் நண்பர்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ரஷ்யாவின் மெண்டலீவை எடுத்துக்கொள்வோம். தனிம அட்டவணையில் அலுமினியத்துக்குக் கீழே ஓர் இடம் காலி. அங்கே வரப்போகும் தனிமத்தின் அடர்த்தி சுமார் 5.9 இருக்கும் என்று 1871ல் எழுதிவிட்டார். 1875ல் பிரான்சில் லெகோக் டி புவாபோட்ரான் காலியத்தைக் கண்டுபிடித்தார். அவர் அளந்தபோது வந்தது 4.7. மெண்டலீவ் விடவில்லை, மறுபடி அளந்து பாருங்கள் என்றார். சுத்தம் செய்து அளந்தால் 5.9! பொருளைக் கண்ணால் பார்த்தவரைவிடப் பார்க்காதவர் சொன்னது சரி. இப்படிப்பட்ட ஊகத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமில்லை என்றால் வேறு எதற்குத்தான் இடம்?

ஆனால் ஒன்று. அதே மெண்டலீவ் இன்று வந்து, தன் கணிப்பை முதன்முதலாக விக்கிப்பீடியாவில் எழுதினால் நீக்கத்தான் வேண்டும். அநியாயமாகத் தெரியலாம். அவர் ரஷ்ய வேதியியல் கழகத்தின் இதழில் எழுதினார். படித்துச் சண்டை போடக்கூடியவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

இப்போது நம் எலக்ட்ரிகல்காரர்கள் கவனிக்க வேண்டிய கதை. 2023 ஜூலையில் தென் கொரியக் குழு ஒன்று, எல்கே-99 என்ற பொருள் சாதாரண அழுத்தத்தில், 127 டிகிரி செல்சியஸ் வரைகூட மின்மீகடத்தியாக இருக்கும் என்று அறிவித்தது. கம்பியில் மின் இழப்பே இராது என்றால் சும்மாவா? அரைகுறையாக மிதக்கும் ஒரு துண்டின் வீடியோவை உலகமே பார்த்தது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் செய்து பார்த்தார்கள், மீகடத்தல் இல்லை. மின்தடை திடீரென இறங்கியதற்குக் காரணம் கலந்திருந்த தாமிர சல்பைடு என்று ஆகஸ்டிலேயே தெரிந்தது. ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் சுத்தமான படிகம் வளர்த்துப் பார்த்தால், அது மின்காப்புப் பொருள்!

அந்த ஜூலையில் ஒருவர் "எல்கே-99 மின் இழப்பை ஒழிக்கும்" என்று எழுதியிருந்தால் ஒரே மாதத்தில் பொய். "ஒழிக்கும் என்று இந்தக் குழு இந்தத் தேதியில் சொன்னது, இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை" என்று எழுதியிருந்தால் அது இன்றைக்கும் உண்மை. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்ற இரண்டு விவரம்தான் வித்தியாசம்.

இதில் எனக்குத் தமிழ் விக்கிப்பீடியாவை நினைத்தால்தான் அதிகக் கவலை. 2003ல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. பெருமைதான்! ஆனால் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் திருத்தும் கைகள் ரொம்பக் குறைவு. ஒருவர் போட்ட ஊகம் அப்படியே கிடக்கும். அதைப் பார்த்து ஒரு பத்திரிகை எழுதும். அப்புறம் அந்தப் பத்திரிகையையே ஆதாரமாகக் காட்டுவார்கள். நம் டிப்ளமோ புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் அது ஏறிவிடும்.

நம் மொழியில் இதற்கு வசதியாக ஒரு சொல் வேறு இருக்கிறது: 'கூறப்படுகிறது'. யாரால் கூறப்படுகிறது? பக்கத்து வீட்டுக்காரராலா? நம் கல்லூரியிலும் விக்கிப்பீடியாவில் எழுதும் நண்பர்கள் இருக்கிறீர்கள். பெயரும் தேதியும் இல்லாத 'கூறப்படுகிறது' கண்ணில் பட்டால் முதலில் ஆதாரம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தயங்காமல் எடுத்துவிடுங்கள், எழுதியவர் நம்ம வகுப்புப் பையனாகவே இருந்தாலும் சரி.

– இறுதியாண்டு மாணவன், மின்னியல் துறை