முகம் பொருந்தினால்தான் சத்துமாவா?

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கிடைக்க வேண்டிய சத்துமாவுக்குக் குறுக்கே ஒரு செல்போனை நிறுத்தியிருக்கிறது மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம். 'போஷன் டிராக்கர்' செயலியில் முகம் பொருந்திய பிறகே மாவு தர வேண்டும் என்ற நடைமுறை 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பெரம்பலூர், அரியலூர் கிராமங்களை நினைத்துப் பார்த்தவர்கள் இப்படி ஓர் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். செயலியில் பதிவதற்கு ஆதார் சரிபார்ப்பு வேண்டும். அதற்கான ஓடிபி, ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் போகும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடாவுக்கும், செந்துறைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கும் பிழைக்கப் போன கணவரிடம் அந்த எண் இருந்தால், கைக்குழந்தையோடு வந்த பெண் என்ன செய்வாள்? பச்சைமலை அடிவாரத்தில் டவர் கிடைக்காத நாளில் என்ன செய்வாள்? பிரசவத்தில் மெலிந்த முகத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுச் செயலி மறுத்துவிட்டால், ஏச்சு வாங்குவது அங்கன்வாடிப் பணியாளர். தெருவில் எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று அறிந்தவர் அவர். அவருடைய கண்ணை நம்பாமல் கேமராவை நம்பச் சொல்வது அவமதிப்பு.

இவ்விரு மாவட்டங்களும் தொழில்நுட்பத்துக்குப் பகையல்ல. சான்றிதழ்களைக் கணினி வழியே வழங்கும் மின் மாவட்டத் திட்டத்தைத் தமிழகத்தில் முன்னோடியாகச் சோதித்துப் பார்த்தது இங்கும்தான். ஆனால் சாதிச் சான்றிதழ் ஒரு வாரம் தாமதிக்கலாம். ஏழாம் மாதக் கர்ப்பிணியின் உணவு தாமதிக்கக் கூடாது.

முறைகேட்டைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். முறைகேடு இருந்தால் கொள்முதலையும் கிடங்கையும் சோதியுங்கள். வாங்க வரும் தாயைச் சந்தேகிக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 4, 5-ஆம் பிரிவுகளில் இந்த உணவை உரிமையாக்கியிருக்கிறது. உணவு தரத் தவறினால் உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்கிறது 8-ஆம் பிரிவு.

முகப்பதிவுக் கட்டாயத்தை அமைச்சகம் உடனே திரும்பப் பெற வேண்டும். அதுவரை, செயலி மறுத்தாலும் பதிவேட்டில் கையொப்பம் பெற்று அன்றே மாவு தருமாறு தமிழக அரசு எழுத்து மூலம் ஆணையிட வேண்டும். அப்படித் தரும் பணியாளர்மீது நடவடிக்கை கூடாது. மையவாரியாக எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது என்ற கணக்கை இரு மாவட்ட ஆட்சியர்களும் மாதந்தோறும் வெளியிட்டு, விடுபட்டவர்களுக்குச் சட்டப்படியான தொகையைப் பெற்றுத் தர வேண்டும்.